வைக்கோலில் சிப்பிக் காளான் போட்டு விற்க

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் நன்றாகக் காய்ந்த வைக்கோலை வாங்கிப் போர் போட்டு வையுங்கள். குறுவை வைக்கோல் பெரும்பாலும் மழையில் நனைந்தே வரும், அதை நம்ப வேண்டாம். இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, சில மணி நேரம் ஊறவைத்து, அப்புறம் ஒரு மணி நேரம் வேகவைத்து நிழலில் உலர்த்துங்கள். பிழிந்தால் கையில் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. பலருக்குப் பச்சைப் பூசணம் பிடிப்பது இங்கேதான். பாலித்தீன் பையில் வைக்கோலும் காளான் விதையும் அடுக்கடுக்காகப் போட்டு, துளையிட்டு, இருட்டறையில் தொங்கவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் காளான் இழை வெள்ளையாகப் படர்ந்துவிடும். பயிற்சிக்கு திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். விற்பனைதான் கஷ்டம், பறித்த காளான் தாங்காது, அதனால் கும்பகோணம் ஓட்டல்களிடம் முதலில் பேசிவிட்டுப் பை கட்டுங்கள். காய்ப்பு ஓய்ந்த வைக்கோல் மண்புழு உரத்துக்கு ஆகும்.