இருமுகத் துகள்கள்: மெழுகிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

ஒரு முகம் நீரையும் மறுமுகம் எண்ணெயையும் நாடும் ஜேனஸ் துகள்கள், எண்ணெய்–நீர் எல்லையில் அமர்ந்து துளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் காக்கின்றன. ஒரே தன்மை கொண்ட துகளைவிட இவை மூன்று மடங்கு வரை வலுவாக அந்த எல்லையைப் பற்றும் என்று ஆய்வாளர்கள் பிங்க்ஸும் ஃபிளெட்சரும் 2001-இல் கணக்கிட்டுக் காட்டினர். சிலிக்காத் துகள்களைச் சூடான நீரில் உருகிய மெழுகுத் துளிகளின் மேல் பாதி புதைத்து, வெளியே தெரியும் முகத்துக்கு மட்டும் சிலேன் (சிலிக்காவில் ஒட்டி அதன் மேற்பரப்பை மாற்றும் சிலிக்கான் சேர்மம்) ஏற்றுவது பரவலான முறை. தோற்றால் பலரும் சிலேனைச் சந்தேகிக்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே, மெழுகில் நடந்திருக்கும்.

சர்ஃபாக்டன்ட் (சோப்பு போன்ற பரப்புச் செயலி) அளவைக் கண்மதிப்பில் விடுவதுதான் பெரிய தவறு. வெறும் சிலிக்கா நீரை மிகவும் விரும்பும். மெழுகில் மேலோட்டமாக ஒட்டி, கழுவும்போது உதிர்ந்துவிடும். நேர்மின் சர்ஃபாக்டன்ட் சிறிது சேர்த்தால் ஆழமாகப் பதியும். அதிகமானால் துகள்கள் கட்டியாகும் அல்லது மூழ்கிவிடும். வெளியே எஞ்சும் முகம் சுருங்கும். நான்கைந்து செறிவுகளில் சிறு அளவு செய்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் புதைந்த ஆழத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

அடுத்தது, போடும் துகளின் எடை. 5 கிராம் மெழுகுக்கு 0.5 மைக்ரான் துகள் அரை கிராம் போட்டால், துளிகள் சுமார் 40 மைக்ரானில் நிலைக்கும். அதே துகளின் எடையைப் பாதியாக்கினால் துளியின் விட்டம் இருமடங்காகும். ஏறக்குறைய 75 டிகிரி செல்சியஸில் கலக்கி, அறை வெப்பநிலைக்குக் குளிர்ந்த பிறகே வடிகட்ட வேண்டும். மெழுகு இளகியிருக்கும்வரை துகள் புரளும். உறைந்தால்தான் முகம் பூட்டப்படும்.

ஒட்டாத துகள்களை நன்றாகக் கழுவி நீக்குங்கள். அவை தங்கினால் எல்லாப் பக்கமும் சிலேன் ஏறி, விளைச்சலையே கெடுக்கும். வெளிமுகத்தில் படிந்த சர்ஃபாக்டன்டும் கழுவலில் போக வேண்டும். இல்லையேல் சிலேனை மறிக்கும்.

டொலுயீனில் சிலேன் ஏற்றாதீர்கள், மெழுகு கரையும். டைகுளோரோடைமெத்தில்சிலேன் ஆவி, அறை வெப்பநிலையில் போதும். மெழுகு உருண்டைகள் முதலில் உலர்ந்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும் என்பதால் ஃபியூம் ஹூட் (நச்சு வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வக அடைப்பு) கட்டாயம்.

கடைசியில் மெழுகைக் குளோரோஃபார்மில் பலமுறை கழுவி எடுங்கள். எஞ்சிய மெழுகுப் படலம் நீர்முகத்தையும் எண்ணெய்முகமாக்கிவிடும்.

பால்மம் (எண்ணெய்–நீர்த் துளிக் கலவை) நிலைத்தது என்பதை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம். முழுக்க ஒரே தன்மையுள்ள, அரைகுறையாக நனையும் துகளும் அதைச் செய்யும். சிறு மாதிரியில், மெழுகு மூடியிருந்த வெறும் முகத்தில் அமினோசிலேன் ஏற்றி, எதிர்மின் தங்க நானோதுகள்களை ஒட்டவிட்டுப் பாருங்கள். தங்கம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் துகள் சரி.