பழைய டீசல் வண்டியில் என்ஜின் சூடேறினால் காரணத்தைக் கண்டறியும் முறை

பழைய டீசல் வண்டியில் டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறத் தொடங்கியதும் பலரும் முதலில் தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடானதும் குளிர்விக்கும் திரவம் ரேடியேட்டருக்குப் போக வழி திறக்கும் வால்வு) மாற்றுகிறார்கள். அதில் பலன் கிடைக்காவிட்டால் வாட்டர் பம்ப், பிறகு ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகிறார்கள். பணம் கரைவது ஒருபுறமிருக்க, உண்மையான காரணம் தெரியாமலேயே வண்டி ஓடிக்கொண்டிருப்பதால் சிலிண்டர் ஹெட் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பாகம்) வளைந்துபோகும் ஆபத்தும் கூடுகிறது. எந்தப் பாகத்தையும் கழற்றும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்: என்ஜின் உண்மையிலேயே அளவுக்கு மீறிச் சூடாகிறதா? ஆகிறது என்றால், எந்த நிலையில் ஓடும்போது சூடாகிறது?

வேலையைத் தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. சூடாக இருக்கும் என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தின் காரணமாக 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), மூடி தளர்ந்த கணமே கொதித்து முகத்தில் பீறிட்டு அடிக்கும். என்ஜின் முழுவதுமாக ஆறிய பிறகே மூடியில் கை வைக்க வேண்டும். அதேபோல், சூடேறிய என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழக்கூடும்.

முதல் கேள்விக்கு விடை தர மீட்டர் முள்ளை மட்டும் நம்ப முடியாது. பழைய வண்டிகளில் சென்சாரின் மின்தடை மாறிப்போயிருக்கலாம். எர்த் இணைப்பு துருப்பிடித்திருக்கலாம். ஹெட்லைட்டைப் போட்டவுடன் முள் நகர்ந்தால், கோளாறு கூலன்டில் இல்லை, வயரிங்கில் இருக்கிறது. கூலன்ட் குறைந்துபோய் சென்சார் வெறும் காற்றில் நின்றால் என்ஜின் கொதிக்கும்போதும் முள் கீழேயே நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி, தெர்மோஸ்டாட் கூட்டின் மீது அளந்து பார்ப்பதே சரி. பளபளப்பான அலுமினியத்தில் இந்தக் கருவி குறைத்துக் காட்டும். அளக்கும் இடத்தில் மங்கலான கறுப்பு பெயின்டைச் சிறிது பூசினால் அளவு நம்பத்தக்கதாகும். பெரும்பாலான தெர்மோஸ்டாட்டுகள் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும் என்பதால், அதைவிடச் சில டிகிரி கூடுதலாக ஓடுவது கோளாறு அல்ல. 105 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் நோயைக் காட்டிக்கொடுக்கிறது. டீசல் என்ஜின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது, மிகக் குறைந்த எரிபொருளை ஏராளமான காற்றோடு எரிப்பதால், அப்போது உண்டாகும் வெப்பமும் குறைவே. பாதி அடைத்துப்போன ரேடியேட்டரைக் கொண்ட டீசல் வண்டி, காலியாக ஊருக்குள் ஓடும்வரை எந்தக் குறையையும் காட்டாமல் இருக்கும். சுமையோடு நீண்ட ஏற்றம் ஏறும்போது மட்டும் முள் உயரும். வொர்க்‌ஷாப்பில் நிறுத்தி அரை மணி நேரம் ஓடவிட்டு, "சூடேறவில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்வதை டீசல் வண்டியைப் பொறுத்தவரை ஏற்க முடியாது. ஏற்றத்திலும் அதிவேகத்திலும் மட்டும் சூடேறினால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், ஹோஸ் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். நெரிசலில் மெதுவாக ஊர்ந்து செல்லும்போது சூடேறி, வேகமெடுத்ததும் இறங்கினால் ஃபேன் தன் வேலையைச் செய்யவில்லை. குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடங்களில், கூலன்ட் சூடாகும் முன்பே, என்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிகிறது என்று பொருள்.

அடுத்து எளிய சோதனைகள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் கசிவின் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் தயங்காமல் மாற்றிவிடலாம். பல வண்டிகளில் இந்த மூடி தாங்கும் அழுத்தம் 1 பார் அளவை ஒட்டியிருக்கும். அந்த அழுத்தம் தண்ணீரின் கொதிநிலையைச் சுமார் 120 டிகிரிக்கு உயர்த்துகிறது. மூடி பலவீனமானால், மற்ற பாகங்கள் அனைத்தும் நன்றாக இருந்தும் கூலன்ட் கொதித்து வெளியேறும். கீழ் ஹோஸையும் கவனியுங்கள்: அது பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இருப்பதால், ரப்பர் தளர்ந்தாலோ உள்ளேயுள்ள கம்பிச்சுருள் துருப்பிடித்துப் போனாலோ, என்ஜின் வேகம் கூடும்போது தட்டையாகச் சப்பிக்கொள்ளும். வண்டியை நிறுத்திவைத்து ஆக்சிலரேட்டரைக் கூட்டும்போது ஒருவர் அருகில் நின்று பார்த்தால் இது தெரிந்துவிடும்.

ரேடியேட்டருக்கு நேரம் ஒதுக்குங்கள். என் கருத்தில் பழைய டீசல் வண்டிகளில் பாதிப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. முன்பக்கம் சுத்தமாகத் தெரிந்தாலும், ஏசி கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே மண்ணும் புல்லும் பூச்சிகளும் சேர்ந்து காற்றை அடைத்திருக்கும். இவற்றைப் பிரித்து, என்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி மெல்லிய அழுத்தத்தில் நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். ரேடியேட்டர் குழாய்களுக்கு இடையேயுள்ள மெல்லிய தகடுகளை விரலால் வருடும்போது அவை பொடியாக உதிர்ந்தால், குழாயிலிருந்து வெப்பம் தகடுக்குப் போகவில்லை. எவ்வளவு கழுவினாலும் பயனில்லை.

உட்புற அடைப்பைக் காண, என்ஜின் முழுச் சூட்டில் இருக்கும்போது வெப்பமானியை ரேடியேட்டரின் முகப்பில் கட்டம் கட்டமாக நகர்த்துங்கள். கூலன்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம்வரை வெப்பம் படிப்படியாகக் குறைய வேண்டும். இடையில் திடீரென்று குளிர்ந்த பட்டை தென்பட்டால் அந்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன. மேல் ஹோஸுக்கும் கீழ் ஹோஸுக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் பேசும்; இரண்டையும் அளந்து குறித்துவையுங்கள். என்ஜின் சூடாகிக்கொண்டிருக்கும்போதே கீழ் ஹோஸ் மிகவும் குளிர்ந்திருந்தால் கூலன்ட் ஓட்டம் போதவில்லை: தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, வாட்டர் பம்பின் உள்ளே கூலன்டைத் தள்ளும் விசிறி அரித்துப்போயிருக்கிறது, அல்லது குழாய்கள் அடைத்திருக்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் கூலன்ட் ஓடுகிறது, காற்றுதான் வெப்பத்தை எடுத்துச்செல்லவில்லை.

தெர்மோஸ்டாட்டைச் சந்தேகித்தால் கழற்றி, பாத்திரத்தில் நீரூற்றி, வெப்பமானியோடு சூடாக்கி, எந்த வெப்பத்தில் திறக்கிறது என்று பாருங்கள். அதை எடுத்து எறிந்துவிட்டு ஓட்டும் பழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். பல டீசல் என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்பகுதி, சூடானதும் பைபாஸ் வழியை (ரேடியேட்டரைத் தொடாத குறுக்குவழி) மூடும் வேலையையும் செய்கிறது. அது இல்லாவிட்டால் கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே சுற்றி வரும், சுமையில் சூடு மேலும் ஏறும்.

விஸ்கஸ் ஃபேன் (சூட்டுக்கு ஏற்ப எண்ணெய்க் கிளட்ச் வழியாகச் சுழலும் ஃபேன்) உள்ள வண்டியில், என்ஜினைச் சூடான நிலையில் அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். கனமாகத் தடுக்க வேண்டும். தடையின்றிச் சுழன்றாலோ, நடுவிலுள்ள கிளட்சில் எண்ணெய்க் கறை ஆரமாக வழிந்திருந்தாலோ அதன் சிலிக்கோன் எண்ணெய் போய்விட்டது. காற்றை ரேடியேட்டர் வழியாக இழுக்க ஃபேனைச் சுற்றியுள்ள கூடான ஷ்ரவுட்டை யாராவது கழற்றிவைத்திருந்தால் திரும்பப் பொருத்துங்கள்.

கூலிங் சிஸ்டம் குற்றமற்றதாக இருந்தும் வெப்பம் அளவுக்கு மீறி உண்டாகலாம். கூடுதல் இழுவைக்காக அதிக எரிபொருள் போகும்படி ஃபியூயல் பம்பைத் திருகிவைத்திருப்பது, தவறான இன்ஜெக்ஷன் டைமிங் (எரிபொருளைப் பீச்சும் நேரம்), அடைத்த ஏர் ஃபில்டர், விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் ஆகிய எல்லாமே முள்ளை உயர்த்தும். ஏற்றத்தில் அடர்ந்த கரும்புகை வந்தால் ரேடியேட்டரை விட்டுவிட்டு இந்தப் பக்கம் பாருங்கள்.

கடைசியாக ஹெட் கேஸ்கட், அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையேயுள்ள அடைப்புத் தகடு. கூலன்டுக்கு மேலுள்ள காற்றை, கார்பன் டை ஆக்சைடு பட்டால் நிறம் மாறும் திரவத்தின் வழியே இழுத்துச் செய்யும் சோதனை டீசலில் ஏமாற்றக்கூடும். ஐடிலில் எரிந்த வாயுவில் கார்பன் டை ஆக்சைடு குறைவாக இருப்பதால், சிறு கசிவு இருந்தும் திரவம் மாறாமலே போகலாம். சுமையோடு ஓட்டிய வண்டியை இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். குளிர்ந்த பிறகும் உள்ளே அழுத்தம் எஞ்சியிருந்தால், வாயு புகுந்திருக்கிறது என்பதற்கு அது வலுவான அடையாளம். பிறகு வாட்டர் பம்ப் பெல்ட்டைக் கழற்றி, கூலன்டை விளிம்புவரை நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்து, குளிர்ந்த என்ஜினை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக ஓட்டுங்கள். பம்ப் சுழலாத நிலையிலும் குமிழிகள் தொடர்ந்து வந்தால், கேஸ்கட்டோ ஹெட்டோ பழுதாகியிருப்பது ஏறக்குறைய உறுதி. ஹெட்டைக் கழற்றும்போது அதன் சமதளத்தையும், வால்வுகளுக்கு இடையே விரிசல் உள்ளதா என்பதையும் மெஷின் ஷாப்பில் சோதிக்காமல் புதிய கேஸ்கட் போடக் கூடாது.

எந்தப் பழுதைச் சரிசெய்தாலும், காய்ச்சி வடித்த நீரும் அந்த என்ஜினுக்குரிய கூலன்டும் சரிபாதியாகக் கலந்து, ஹீட்டரை முழுச்சூட்டில் திறந்துவைத்து, காற்று வெளியேற்றும் திருகுகள் இருந்தால் அவற்றைத் தளர்த்தி, மெதுவாக நிரப்ப வேண்டும். மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் அளவைப் பார்த்துக் குறைந்ததை ஈடுசெய்யுங்கள். அதன் பிறகு, பழுது பார்க்கும் முன் ஓட்டிய அதே ஏற்றத்தில் அதே சுமையோடு ஓட்டி, அன்று குறித்துவைத்த ஹோஸ் வெப்ப அளவுகளோடு புதியவற்றை ஒப்பிடுங்கள்.