தறிச் சத்தத்தை விட்டு மூளை கீழே இறங்க

எங்க ஷெட்டில் எட்டு நாடா தறி. விசைத்தறி ஊரான சோமனூர்ப் பக்கத்துக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். நைட் ஷிப்ட் முடிஞ்சு வெடியால படுத்தா, உடம்பு கட்டிலில் கிடக்கும், காது தறியிலேயே நிற்கும். அதுக்காகத்தான் ஹெட்போனை எடுத்தேன், 'பைனாரல் பீட்ஸ்' கேட்க: ரெண்டு காதுக்கும் கொஞ்சம் வித்தியாசமான சத்தம் விடுற முறை.

பக்கத்துப் பக்கத்தில் ஓடுற ரெண்டு தறியைக் கேட்டுப் பாருங்க. ஒண்ணு நிமிஷத்துக்கு 120 தடவை அடிக்கும், இன்னொண்ணு 122. அரை நிமிஷத்துக்கு ஒருக்கா ரெண்டு அடியும் ஒண்ணா விழும், பொறவு விலகும். ஹெட்போனிலும் அதே கணக்குதானுங்க. இடது காதில் 200 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 200 அதிர்வு), வலது காதில் 210 விட்டா, மூளைத்தண்டில் ரெண்டும் சேர்ந்து வினாடிக்கு 10 துடிப்பாத் தெரியும். வெளியே அப்படி ஒரு சத்தமே கிடையாது.

10 எதுக்குன்னா, கண்ணை மூடிச் சும்மா இருக்கிறப்ப மூளையில் வருகிற ஆல்ஃபா அலை 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரை. வேலை மும்முரத்தில் பீட்டா, 13க்கு மேல். தூக்கத்தின் வாசப்படியில் தீட்டா, 4 முதல் 8. 1929இல் மனித மூளையின் மின் அலையைப் பதிந்து வெளியிட்ட ஹான்ஸ் பெர்கர்தான் ஆல்ஃபா, பீட்டான்னு பேர் வெச்சது.

டிராக்கை நீங்களே செய்யலாம், காசு வேண்டாம். ஆடாசிட்டிங்கிற இலவச ஒலி மென்பொருளில் சைன் அலையா 200 ஹெர்ட்ஸ், பத்து நிமிஷம், ஒரு டிராக். முழுசா இடப்பக்கம் தள்ளுங்க. அடுத்த டிராக்குக்கு 'சர்ப்': தொடக்கம் 214, முடிவு 206, அதே பத்து நிமிஷம், வலப்பக்கம். வித்தியாசம் 14இல் இருந்து 6க்கு மெதுவா இறங்கும். ரெண்டுக்கும் ஒலி அளவு 0.2 போதும். பின்னாடி வலப்பக்கம் 206இல் இருந்து 214க்கு அஞ்சு நிமிஷம் ஏத்தி ஒட்டுங்க, இடப்பக்க 200ஐயும் அதே அஞ்சு நிமிஷம் நீட்டுங்க. ஏறுறதும் பழகணும், இல்லைன்னா எழுந்ததும் சித்தெ நேரம் மந்தமாவே இருக்கும். ஸ்டீரியோ வேவ் ஃபைலாவே வெச்சுக்குங்க.

நான் பன்னிரண்டு நாள் வீணாக்கினேன். போனில் 'மோனோ ஆடியோ' யாரோ போட்டு வெச்சிருந்தாங்க, ரெண்டு காதிலும் ஒரே கலவை. அக்கா பையன்தான் கண்டுபிடிச்சான். சோதனை சுலபம்: ஒரு காதுப் பொத்தானைக் கழட்டுங்க. துடிப்பு நின்னு வெறும் 'ம்ம்ம்' கேட்டாச் சரி. ஒத்தைக் காதிலும் துடிச்சா செட்டிங்கைப் பாருங்க.

முதல் வாரம் 10 ஹெர்ட்ஸ் மட்டும், அசையாம. ரெண்டாம் வாரம் இறங்கு டிராக். துடிப்பை எண்ணாதீங்க, எண்ணினா பீட்டாவிலேயே உட்கார்ந்திருப்பீங்க. நான் உள்ளங்கையை மட்டும் கவனிப்பேன், இறங்குறப்ப அது கதகதன்னு ஆகும். மூளை அப்படியே அந்த எண்ணுக்கு வந்துருமான்னா, ஆய்வு முடிவுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலை. எனக்கு இது இறங்குற படி தெரிய ஒரு கைப்பிடி.

வலிப்பு வந்தவங்க டாக்டரைக் கேட்காம தொடவேண்டாம். வண்டியிலும் தறிக்கிட்டயும் கூடவே கூடாது.

மூணாம் வாரத்தில் இருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் டிராக் இல்லாம உட்காருங்க. போன மாசம் மின்வாரியப் பராமரிப்பு நாளில் தறியும் ஓடலை, போனிலும் சார்ஜ் இல்லை. திண்ணையில் கண்ணை மூடினேன். உள்ளங்கை சூடாகத் தொடங்கினப்ப, உள்ளே இருந்து அம்மிணி காபி ஆறுதுன்னு ரெண்டாந்தரம் கூப்பிட்டுட்டு இருந்தா.