ஹாஸ்பிஸா, வீடா? குமரி மாவட்டத்தில் முதல் முறையாக நோயாளியைப் பார்ப்பவர்களுக்கு

"இனி வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று மருத்துவர் சொன்ன அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் அடுத்த கேள்வி கேட்கத் தோன்றவில்லை. டிஸ்சார்ஜ் காகிதத்தை வாங்கிக்கொண்டு தக்கலை வரும் வரை காரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாட்டாவுக்கு (தாத்தாவுக்கு) நுரையீரல் புற்று. யார் பார்ப்பது, வலி வந்தால் என்ன கொடுப்பது, ராத்திரி யாரைக் கூப்பிடுவது, ஒன்றும் தெரியாது. அன்று கேட்டிருக்க வேண்டியவைதான் கீழே இருப்பவை.

1. பெயர்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

மூன்று சொற்கள் காதில் விழும். பாலியேட்டிவ் என்றால் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, புண், மனக்கலக்கம் இவற்றைக் குறைக்கும் வைத்தியம். அரசுக் காகிதங்களில் நோய் ஆதரவு சிகிச்சை என்று இருக்கும். கீமோ நடக்கும்போதே இதையும் தொடங்கலாம். கடைசி வாரத்துக்கானது என்று நினைத்துத் தள்ளிப்போடுவதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு, நாங்களும் செய்தோம்.

ஹாஸ்பிஸ் என்றால், குணமாக்கும் சிகிச்சையை நிறுத்திய பிறகு, கடைசிக் காலத்தில் தங்கவைத்துப் பார்க்கும் இடம் என்றுதான் இங்கே பொருள். இணையத்தில் தேடினால் அமெரிக்கக் கணக்கு வரும்: ஆறு மாதத்துக்குள் உயிர் போய்விடலாம் என்று மருத்துவர்கள் எழுதித் தந்தால் காப்பீடு கிடைக்கும், பெரும்பாலும் வீட்டிலேயே பார்ப்பார்கள். அது நமக்குப் பொருந்தாது.

மூன்றாவது, நம்மூர் ஹோம் நர்ஸ். பெயரில்தான் நர்ஸ். பலர் நர்சிங் படித்தவர்கள் அல்ல. குளிப்பாட்ட, ஊட்ட, துணி மாற்ற உதவுபவர்கள். நல்ல உதவிதான், ஆனால் ஊசி போடவும் குழாய் மாற்றவும் அவர்களை நம்பி இருக்கக் கூடாது.

2. நோயாளியிடம் கேளுங்கள்

நாங்கள் ஒரு வாரம் அடுக்களையில் கிசுகிசுத்தோம். பாட்டாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். எட்டாம் நாள் அவரே அப்பாவைக் கூப்பிட்டார். "இனி ஆசுத்திரிக்கு வேண்டாம் மக்ளே. கட்டிலை முற்றம் தெரியுற மாதிரி போடு." அவ்வளவுதான். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்தது.

எல்லாரும் வீட்டைத்தான் கேட்பார்கள் என்றும் இல்லை. பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்க மாட்டேன், எங்காவது சேர்த்துவிடு என்பவர்களும் உண்டு. அதையும் மதியுங்கள்.

3. ராத்திரியை எண்ணுங்கள்

பகலில் வீடு நிறைய ஆள் இருக்கும். இரண்டு மணிக்கு யார் எழுந்திருப்பது? ஒரு தாளில் ஏழு ராத்திரிக்கும் பெயர் எழுதிப் பாருங்கள். எங்கள் தாளில் ஐந்து ராத்திரி அத்தையின் பெயரே வந்தது. துபாயில் இருக்கும் சித்தப்பா வீடியோ காலில் தினமும் ஆலோசனை சொன்னார். ஆலோசனையை ராத்திரிக் கணக்கில் சேர்க்க முடியாது. இரண்டு பேராவது மாறி மாறி விழிக்க முடியாவிட்டால் வீடு தாங்காது.

அப்புறம் வீட்டைப் பாருங்கள். நம் மேற்குப் பகுதியில் பல வீடுகள் ரப்பர் தோட்டத்து மேட்டில் இருக்கும்; 108 வண்டி கீழே ரோட்டில் நின்றுவிடும். கடற்கரை ஊர்களில் சந்து குறுகல். ஸ்ட்ரெச்சர் வருமா என்று இப்போதே நடந்து பாருங்கள். ஆக்சிஜன் மெஷினும் காற்று மெத்தையும் கரண்டில் ஓடுபவை. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, மழையென்றால் கரண்ட் போகும். ஆக்சிஜன் தேவைப்படுபவர் என்றால் ஒரு சிலிண்டர் கையிருப்பில் வேண்டும்.

4. யாரைக் கேட்பது

முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டுமல்ல, படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே தருவது உண்டு. பலருக்கு இது தெரியவே தெரியாது. கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் விசாரியுங்கள். தகவலுக்கு 104.

திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் மருத்துவமனையில் பார்த்தவர்கள் அங்குள்ள பாலியேட்டிவ் பிரிவிலேயே கேட்கலாம். கேரளத்தில் வீடு தேடி வரும் குழுக்கள் நிறைய. ஆனால் எல்லை தாண்டி களியக்காவிளைக்கு இப்புறம் வருவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்கே போனாலும் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட், மாத்திரைப் பட்டியல் மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரே உறையில் வையுங்கள்.

5. வலி

நோயாளியிடம் பூஜ்யம் முதல் பத்து வரை எவ்வளவு வலி என்று கேட்டு எழுதுங்கள். கடும் புற்று வலிக்கு மார்ஃபின் மாத்திரை தருவார்கள். "அது போதை மருந்தாச்சே" என்று அப்பா முதலில் மறுத்தார். மருத்துவர் சொல்லும் அளவில் வலிக்குக் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்ற பயம் வேண்டாம். சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் தாங்கும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் மணிப்படி கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கான மருந்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். எல்லா மெடிக்கலிலும் மார்ஃபின் கிடைக்காது. 2014இல் போதை மருந்துச் சட்டத்தைத் தளர்த்திய பிறகும் அங்கீகாரம் பெற்ற இடங்களில் மட்டுமே. அதனால், தீர இரண்டு நாள் இருக்கும்போதே போய்விடுங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

6. புரட்டிப் படுக்கவைப்பது

அத்தை நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தைப் பயன்படுத்தினார். மணி, பக்கத்தில் இ, நே, வ: இடது, நேர், வலது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. திருப்பும்போது முதுகின் அடியில், வால் எலும்பு இருக்கும் இடத்தைத் தடவிப் பார்ப்பார். ஒருநாள் அங்கே ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. அமுக்கினால் வெளுக்கவில்லை. படுக்கைப்புண் தொடங்குகிறது என்பதன் அடையாளம் அது. அன்றே நர்ஸிடம் சொன்னதால் தோல் பிய்வதற்குள் தப்பித்தோம். குதிகால், இடுப்பெலும்பு இரண்டையும் பாருங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள்.

7. ஏஜென்சியில் ஆள் வைத்தால்

நாங்கள் ஒரு ஏஜென்சியில் பதிவுக் கட்டணம் கட்டினோம். ஒரே மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள். ஒவ்வொருவருக்கும் பாட்டாவை எப்படித் தூக்குவது என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. பணம் திரும்பவில்லை. என்ன படித்திருக்கிறார், லீவு போட்டால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார், பதிவுப் பணம் திரும்புமா, இவற்றை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு காசு கொடுங்கள்.

8. எப்போது ஹாஸ்பிஸ்

மருந்து கொடுத்தும் வலி அடங்கவில்லை, மூச்சுத்திணறல் வீட்டில் சமாளிக்க முடியவில்லை, அல்லது பார்ப்பவரே படுத்துவிட்டார் என்றால் மாற்றுங்கள். "பெத்தவரைக் கொண்டு விட்டான்" என்று ஊர் பேசும். பேசட்டும். சில நாள் அங்கே வைத்து வலியை அடக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பக் கூட்டிவர முடியுமா என்றும் கேளுங்கள்.

வீட்டிலேயே இறந்தால் கடைசியாகப் பார்த்த மருத்துவரிடம் காரணச் சான்றிதழ் வாங்க வேண்டும். 21 நாளுக்குள் பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் பதிய வேண்டும். அந்த மருத்துவர் வருவாரா என்பதை முன்கூட்டியே கேட்டு, அவருடைய எண்ணைக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவையுங்கள்.