பூ பூக்கிற வாரத்தைப் பிடியுங்கள்

நாவலில் படித்த காப்பித் தோட்டத்தில் நடந்து பார்க்க ஏற்காடு போகிறீர்களா? முதலில் கதை எந்த மாதத்தில் நடக்கிறதென்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நான் டிசம்பரில் போய் ஏமாந்தேன். புத்தகத்தில் செடியெல்லாம் வெள்ளைப் பூ, எதிரே சிவப்புப் பழம்! காப்பி பூப்பது மார்ச், ஏப்ரலில், கோடை மழை விழுந்து பத்து நாள் வாக்கில். மல்லிகை மாதிரி மணக்கும். மூன்று நாலு நாளில் பழுப்பாகிக் கிளையிலேயே ஒட்டிக்கிடக்கும். அதனால் முன்கூட்டியே தேதி குறிக்காமல், மழை பெய்ததும் மலையில் தெரிந்தவர் யாரையாவது போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். தோட்டங்கள் பெரும்பாலும் தனியார் நிலம், அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு; தலைசுற்றல்காரர்கள் பஸ்ஸில் முன்சீட்டைப் பிடித்துவிடுங்கள்.