மலையகத்து வீட்டுத் தோட்டத்துக்கு எந்த முட்டைக்கோழி?

நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் போன்ற உயரமான இடங்களில் கோழி வளர்க்க விரும்புவோர் முதலில் குளிரைப் பற்றியே கேட்கின்றனர். இறகு முழுமையாக வளர்ந்த கோழி நம் குளிரை எளிதில் தாங்கும்; தாங்க இயலாதது ஈரம். தென்மேற்குப் பருவமழையின்போது நாட்கணக்கில் விலகாத மூடுபனியும், கூட்டில் காயாத தரையும், அதனால் பரவும் இரத்தக் கழிச்சலும் சளியுமே கோழிகளைக் கொண்டுபோகின்றன. ஆகவே ஆண்டுக்கு எத்தனை முட்டை என்று கேட்பதற்கு முன், இந்த ஈரத்தில் அந்த இனம் நிலைக்குமா என்று கேட்க வேண்டும்.

பண்ணைகளில் வளரும் பழுப்புநிறக் கலப்பினங்கள் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும் என்பது உண்மையே. ஆனால் அது நாளொன்றுக்கு 14 முதல் 16 மணிநேர வெளிச்சமும் நிறைவான தீனும் கிடைக்கும் கூட்டின் கணக்கு. நம் நாட்டில் பகற்பொழுது ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணிநேரமே என்பதால், விளக்கில்லாத வீட்டுக்கூட்டில் அந்த எண்ணிக்கையை எதிர்பார்க்கக் கூடாது. வெள்ளை லெகோனும் நிறைய இடும்; எனினும் உடல் மெலிந்தது, மிரண்டு பறக்கக்கூடியது, லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) நெருக்கத்துக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

என் பரிந்துரை ரோட் ஐலண்ட் ரெட் அல்லது கறுப்பு ஒஸ்ட்ரலோர்ப். இரண்டும் கனத்த உடலும் அடர்ந்த இறகும் அமைதியான குணமும் உடையவை. நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 200 முட்டைக்கு மேல் எதிர்பார்க்கலாம், முட்டை ஓய்ந்த பின் இறைச்சிக்கும் உதவும். காலில் இறகு முளைத்த அலங்கார இனங்களை, எவ்வளவு அழகாயிருந்தாலும், வாங்க வேண்டாம். சேறு அந்த இறகில் ஒட்டிக் காய்ந்து இறுகி, விரல்களைப் புண்ணாக்கிவிடும்.

நாட்டுக்கோழியைக் குறைவாக இடுகிறதென்று ஒதுக்கிவிடக் கூடாது. கலப்பினங்கள் பெரும்பாலும் அடைகாப்பதில்லை. அதைச் செய்வது நாட்டுக்கோழிதான். ஒரு நாள் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 32 பாகை செல்சியசுக்குக் குறையாத சூடு தேவைப்படும் நிலையில், இரவில் வீடே சில்லிட்டுப்போகும் நம் பகுதியில் மின்விளக்கை நம்பி வளர்ப்பது செலவும் கவலையும் தரும் வேலை. நாட்டுக்கோழி ஒன்றை வைத்து 21 நாளில் பொரிக்கச் செய்தால் சூட்டை அதுவே பார்த்துக்கொள்ளும். பொரிக்க வைக்கும் முட்டைக்கு மட்டுமே சேவல் தேவை. உண்ணும் முட்டைக்குத் தேவையில்லை என்பதால், சுவர் ஒட்டிய லயங்களில் விடியற்காலைக் கூவலால் அயலவருடன் மனவருத்தம் வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு நான்கைந்து பெட்டைகள் போதும். கோழி கிளறிய பாத்தியில் லீக்சும் கரட்டும் மிஞ்சாது. ஆதலால் மரக்கறித் தோட்டத்துக்கு வேலி முதலில், கோழி பிறகு.

புதிதாகத் தொடங்குவோர் குஞ்சுகளை விடுத்து, மூன்று மாதம் கடந்த பெட்டைகளை வாங்குவது நல்லது. வாங்குமுன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, நெஞ்சோடு காதை வைத்து மூச்சில் கறகறப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். வாலடி இறகு எச்சம் ஒட்டாமல் சுத்தமாக இருக்கிறதா, கால் செதில்கள் தூக்கிக்கொண்டு நிற்காமல் படிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ராணிக்கெட் எனும் கோழித் தொற்றுநோய்க்கான தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்று விற்பவரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அடுத்த தவணையை உங்கள் பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.