கியூட் (Qt) செயலியில் இரண்டு தீம்களைச் சேர்க்க

கியூட் என்பது பொத்தான், பெட்டி கொண்ட செயலிகளை எழுத உதவும் கருவித்தொகுப்பு. செயலியின் நிறம், தோற்றத்தைச் சொல்லும் இரண்டு ஸ்டைல்ஷீட் கோப்புகளையும் படித்து, ஒரே சரமாக (string) ஒட்டி, தோற்றத்தைப் பொருத்தும் செட்ஸ்டைல்ஷீட் (setStyleSheet) கட்டளையை ஒரே தடவை அழையுங்கள். பொதுத் தீம் கோப்பு முதலில், செயலி போகும் கடைக்கான நிறக் கோப்பு அப்புறம். தனித்தனியாக அழைத்தால் இரண்டாவது முதலாவதைத் துடைத்துவிடும். ஒட்டினால் இரண்டும் இருக்கும். சம வலுவுள்ள விதிகள் மோதினால் பின்னால் வருவது ஜெயிக்கும். கீழமாசி வீதிப் பலசரக்குக் கடைக்கும் தெற்குமாசி வீதி ஜவுளிக் கடைக்கும் ஒரே பில்லிங் மென்பொருளைக் கொடுப்பவர், சின்ன நிறக் கோப்பை மட்டும் மாற்றினால் போதும்.

முதல் கோப்பில் ஆப்ஜெக்ட் பெயரை (ஒரு குறிப்பிட்ட பொத்தானுக்கு நிரலில் வைத்த பெயர் போல) சொல்லி எழுதிய விதி இருந்தால், அது பொதுவான விதியைவிட வலுவானது என்பதால் அங்கே இந்த வரிசை எடுபடாது. ஒரு விட்ஜெட்டுக்கென்றே (பொத்தான், பெட்டி போன்ற திரை உறுப்பு) ஸ்டைல்ஷீட் போட்டிருந்தால், மோதுகிற இடத்தில் அதுதான் நிற்கும். ஜாவா மொழிக்கான இதேபோன்ற கருவித்தொகுப்பான ஜாவாஎஃப்எக்ஸில் (JavaFX) இந்த ஒட்டுவேலையே தேவையில்லை, கோப்புகளை ஸ்டைல்ஷீட் பட்டியலில் சேர்த்தாலே சரி.